முதுகுவலி மாத்திரையும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்சும்

இராஜபாளையம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

கர்த்தருக்குள் பிரியமான மகள் எலினாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகப்பிள்ளையும் சின்னவனும் அந்தக் கனடாக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் கேட்கிறோம். இங்கே நானும் உன் அம்மாவும் ஒரே வீட்டில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு இருக்கிறோம். கொஞ்ச நாள் முன்பு என்றால் இதைக்கூட எழுதியிருக்க முடியாது, அதனால் இதையே சுகம் என்று எடுத்துக்கொள். மழை பிந்தினாலும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. பிளவக்கல் அணை நிறைந்துவிட்டது என்று வ. புதுப்பட்டியிலிருந்து உன் தங்கச்சாமி மாமா போன் செய்தான், நாற்றுப் பாவிவிட்டானாம். கையால் கடிதம் எழுதி எத்தனையோ வருடம் ஆயிற்று, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், விஷயம் பாதியில் நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ மேலாகப் பார்த்துவிட்டுக் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுவாய். நம் சபை உபதேசியார் மகன் ஜோயல் உங்கள் ஊருக்குப் படிக்க வருகிறான் அல்லவா, அவன் கையில் பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். வாங்கும்போதே உறை ஒட்டினது ஒட்டினபடி இருக்கிறதா என்று பார். நல்ல பையன்தான், இருந்தாலும் பார்.

முதலில் ஒன்றை நேராகவே கேட்டுவிடுகிறேன். உன் பெயரைப் போட்டு நம் வீட்டுக்கு ஒரு கொரியர் வந்ததே, அம்மாவின் முதுகுவலி மாத்திரை, அதை நீ விவரம் தெரிந்து அனுப்பினாயா, தெரியாமல் அனுப்பினாயா? கேட்டவுடன் கோபப்படாதே, முழுவதையும் படித்துவிட்டுப் பதில் சொல்.

முந்தின வருடம் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மேடைப் படியில் சறுக்கி விழுந்து, மதுரையில் அம்மாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் செய்தது உனக்குத் தெரியும், நீதான் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாய். அப்போது டேபென்டடால் என்று ஒரு வலி மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாளைக்கு மட்டும்தான், பிறகு நிறுத்திவிட வேண்டும் என்று அந்த டாக்டர் சொன்னது என் காதில் விழுந்தது. நிறுத்தியிருப்பாள் என்று நானும் இருந்துவிட்டேன். ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை, அவளுக்கு மாத்திரை சாப்பிடச் சொல்லிக் கொடுக்க நான் யார்? ஆனால் ஆள் மாறிக்கொண்டே வந்தாள். காலையில் வெடுக்கென்று பேசுவாள், மத்தியானம் ஒரு கோழித் தூக்கம், சாயங்காலம் தேன் ஒழுகப் பேசுவாள். பாடகர் குழுவுக்குப் போவதை விட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு குறைந்தது, வயிறு போகவில்லை என்று எப்போதும் இசப்கோல் கரைத்துக் குடித்துக்கொண்டு இருந்தாள். அதோடு வியாழக்கிழமை தோறும் பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெபக்கூட்டம் என்று பஸ் ஏறினாள். திரும்பி வரும்போது கையில் பால்கோவா பாக்கெட் இருக்கும். போய்விட்டு வந்ததற்குச் சாட்சி போல அதை மேசை மேல் என் கண்ணில் படுகிற மாதிரி வைப்பாள். சர்க்கரை நோய்க்காரன் வீட்டில் வாராவாரம் எதற்கு பால்கோவா? எனக்கு அங்கேதான் உறுத்தியது.

என் புத்தி உனக்குத் தெரியும். புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணி பேக்டரியில் இத்தனை வருடம் செக்கிங் பார்த்தவன், வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடியே பழகினவன். ஆனால் நான் தேடின இடம் வேறு. உன் மாமா தங்கச்சாமி நம் சபையை விட்டு அந்தப் புதுச் சபைக்குப் போனானே, அக்காளையும் அங்கே இழுத்து முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பார்க்கிறான் என்று நினைத்துவிட்டேன். நினைத்ததோடு நிற்கவில்லை, வ. புதுப்பட்டிக்கே போய் அவன் வயல் வரப்பில் நின்று சண்டை போட்டேன். அவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தான். "அத்தான், நீங்க எந்த ஜெபக்கூட்டத்தச் சொல்லுதீய? வியாழக்கெழம எங்களுக்குக் கூட்டமே கெடையாது. அக்கா என்கூட நல்லாப் பேசியே எம்புட்டோ நாளாச்சு" என்றான். அவனும் பொய் சொல்கிறான் என்றுதான் வீடு வருகிற வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை அவள் பஸ் ஏறினதும் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு வேனுக்குப் பின்னால் நின்றேன். எந்த ஜெபவீட்டுக்கும் போகவில்லை. ஒரு மெடிக்கலுக்குப் போனாள், அங்கே இல்லை என்று தலையாட்டினார்கள். இன்னொரு கடைக்குப் போனாள், அங்கேயும் இல்லை. சந்துக்குள் இருந்த மூன்றாவது கடையில் அவளைப் பார்த்ததும் எதுவும் கேட்காமலே எடுத்துக் கொடுத்தான். எலினா, அவள் அந்த அட்டையை வாங்கி, கடை வாசலில் நின்றபடியே பிய்த்து, தண்ணீர்கூட இல்லாமல் வாயில் போட்டு விழுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு சுவரில் கையை ஊன்றி நின்றாள். நான் போய் எதிரே நின்றேன். ஹெல்மெட்டோடு அடையாளம் தெரியாமல் "யாருய்யா நீ, வழிய விடு" என்றாள். கழற்றினேன். "ஜெபக்கூட்டம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது, ஆனாலும் குரல் இறங்கவில்லை. "வேவு பாக்க வந்தீயளோ? எனக்கு வலிக்கு. நீங்க என் முதுகுக்குள்ள போயிப் பாத்தீயளா?" என்றாள். 

அந்தக் கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். வீட்டுக்கு வந்து அரிசி டிரம், தையல் மெஷின் டிராயர், பட்டுச் சேலை மடிப்பு என்று தேடித் தேடி எடுத்து அத்தனை மாத்திரையையும் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டேன். இனி சரியாகிவிடும் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலிருந்து ஓயாமல் கொட்டாவி விட்டாள். மூக்கும் கண்ணும் ஒழுகியது, வேர்த்துக் கொட்டியது, ஆனால் குளிருகிறது என்று போர்வை கேட்டாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். மத்தியானம் வாந்தியும் வயிற்றுப் போக்கும் ஆகி, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் காலை உதறிக்கொண்டு தரையில் கிடந்தாள். "காலுக்குள்ள என்னமோ ஊருது, வெட்டி எடுங்க" என்று கத்தினாள். கையில் மயிர் எல்லாம் குத்திட்டு நின்றது. அதை எப்படி நடிக்க முடியும்?

அப்போதும் நான் முதலில் ஓடினது சண்டைக்குத்தான். நம் தெருமுனை மெடிக்கல் கௌதம்ராஜ்தான் இதை ஆரம்பித்து வைத்திருப்பான் என்று போய்ச் சத்தம் போட்டேன். அவன் கடையில் நின்ற ஆட்களை அனுப்பிவிட்டு, "சார், டீச்சரம்மாவுக்கு நான் குடுக்க மாட்டேன்னு எப்பவோ சொல்லிட்டேன். அதுல கோவிச்சுக்கிட்டுத்தான் நம்ம கடைப் பக்கமே வாறதில்ல. நீங்க பாட்டுக்குத் திடீர்னு நிப்பாட்டிட்டியளா? அப்படிச் செய்யக் கூடாது, ஒடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் பெயரைச் சொன்னான். இவனுக்கு அதில் கமிஷன் உண்டோ என்று ஒரு நினைப்பு. என்ன செய்வது, என் மண்டை அப்படி. தங்கச்சாமிக்குப் போன் போட்டேன். நான் வரப்பில் பேசின பேச்சை எல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாமல் யாரிடமோ கார் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அக்காளைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டே, "காய்ச்சலோட பள்ளிக்கூடம் போறவ அத்தான் இவ. இவளா நடிக்கா?" என்று மட்டும் கேட்டான்.

டாக்டர் நாஜியா என்று ஒரு அம்மா. வாசல் போர்டில் மனநலம், போதை மீட்பு என்று எழுதியிருந்ததைப் படித்ததும் உன் அம்மா காரை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். "நான் என்ன குடிகாரியா? என்கிட்ட படிக்கிற பிள்ளைகளோட அப்பா அம்மா யாராவது பாத்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவேன்?" என்று அழுதாள். எப்படியோ உள்ளே கூட்டிப் போனால், பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தது நம் ஊர் ஆண்டிச்சாமி, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் மகள் அம்மாவிடம் படித்தவள். போச்சு, நாளைக்கு ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்று, "டீச்சர், ஃபேனுக்கு கீழ உக்காருங்க. நான் குடிய விட வாறேன். மொத நாளு எனக்கும் இப்படித்தான் ஆடுச்சு, செத்த நேரத்துல அடங்கிரும்" என்றார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. இன்று வரை அவர் வாயிலிருந்து எங்கேயும் ஒரு சொல் வரவில்லை, நான் இரண்டு மூன்று இடத்தில் விசாரித்துவிட்டேன்.

டாக்டர் என்னை வெளியே போகச் சொல்லவில்லை, இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே பேசினார். ஆபரேஷன் வலி எப்போதோ ஆறிவிட்டதாம். இந்த மாத்திரையை நாள்பட எடுத்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும், பிறகு அது இல்லாவிட்டால் உடம்பே வலியைக் கூட்டிக் காட்டும், அந்த வலி பொய் இல்லை, நிஜமான வலிதான் என்றார். உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, யாரோ முதல் தடவையாகத் தன் பக்கம் பேசினது போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற ஒரு மாத்திரையை அங்கேயே கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கால் உதறுவது நின்றது, வேர்வை அடங்கியது, சோடா கேட்டு வாங்கிக் குடித்தாள். நான் விடவில்லை. ஒரு மாத்திரையை நிறுத்த இன்னொரு மாத்திரையா, இதற்கும் அடிமையாகிவிட்டால் உங்கள் வாசலிலேயே கிடக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நீங்க கேக்கறது நியாயம்தான் சார். இதையும் நாங்க இஷ்டத்துக்குக் குடுக்க மாட்டோம், பாத்துப் பாத்துக் கொறச்சிட்டே வருவோம். நீங்க கக்கூஸ்ல கொட்டுனப்ப அவங்கள மாடியில இருந்து தள்ளி விட்டுட்டீங்க. நான் படி வழியா எறக்கப் பாக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்து மாத்திரை என் பொறுப்பு. வேளைக்கு நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் கொடுத்ததோடு நின்றேனா? பீரோவில் பூட்டினேன், சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன், கைப்பையைத் தடவினேன், பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு டீச்சர் இருக்கிறார்களா என்று குரலை மாற்றிக் கேட்டேன். மாத்திரை கரைந்துவிட்டதா, சேர்த்து வைக்கிறாளா என்று வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு சொன்னாள், "ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகிட்டகூட நான் இப்படி நடந்ததில்ல. வலியக்கூடப் பொறுத்துக்கிடுவேன், உங்க பார்வையத்தான் பொறுக்க முடியல" என்று. டார்ச்சை அன்றைக்குக் கீழே வைத்தேன், ஆனால் மனதுக்குள் அணையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உன் கொரியர் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினது நான், பிரித்ததும் நான். ஏதோ ஆன்லைன் மெடிக்கலிலிருந்து அட்டை அட்டையாக அதே மாத்திரை, ஆர்டர் போட்டு அனுப்பினவர் இடத்தில் உன் பெயர்.  தாயும் மகளும் சேர்ந்து என்னைக் கிறுக்கன் ஆக்குகிறார்கள் என்று நினைத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "எலினாவ ஒண்ணும் சொல்லாதீய. டாக்டர் தொடர்ந்து சாப்பிடச் சொல்லிருக்காவ, இங்க கிடைக்கலன்னு நான்தான் பொய் சொன்னேன். பழைய மருந்துச் சீட்டப் போட்டோ எடுத்து நான்தான் அனுப்புனேன். அந்த டாக்டரம்மாவப் பாக்கறதுக்கு முந்துன வாரம் அது. வந்து சேருமுன்ன உங்ககிட்ட சொல்லிரணும்னு தெனமும் நெனப்பேன், வாய் வராது" என்றாள். உண்மையாக இருக்கலாம். மகளைக் காப்பாற்றச் சொன்னதாகவும் இருக்கலாம். நீ படித்த பிள்ளை, சீட்டில் தேதி பழையது என்று பார்த்திருக்க மாட்டாயா? இல்லை, தூரத்தில் இருக்கிறோம், இதையாவது செய்வோம் என்று பார்த்தும் பார்க்காமல் விட்டுவிட்டாயா? இதுதான் என் கேள்வி. எந்தப் பதிலாக இருந்தாலும் நான் உன் அப்பாதான், ஆனால் பதில் எனக்கு வேண்டும். பார்சலை அப்படியே டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டோம். கொடுத்தது அம்மா கையால்.

போன வாரம் டாக்டர், இனி இவர்கள் தனியாகவே வந்து காட்டிவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு, பஸ் போனதும் நானும் ஸ்கூட்டரை எடுத்தேன். திட்டாதே. மெடிக்கல் இருக்கிற சந்துக்குள் திரும்பாமல் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். எதிரே மர நிழலில்லாத இடத்தில் நின்று பார்த்தேன். பெஞ்சில் ஆண்டிச்சாமி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மகள் காலேஜில் சேர்ந்த கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் என்னவோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தாள். நம் வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எம்புட்டோ நாளாயிற்று. சிரித்துக்கொண்டே திரும்பினவள் என்னைப் பார்த்துவிட்டாள். நான் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அவள் கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டு, "வந்தது வந்துட்டீய, வெயில்ல நிக்காம உள்ள வந்து உக்காருங்க" என்றாள். போய் உட்கார்ந்தேன். 

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்ததும் அவளாகவே பேச்சை எடுத்தாள். இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னதே அவள்தான். "இப்ப எனக்குப் புத்தி தெளிவா இருக்கு, இப்ப சொல்லுதத எலினாவுக்கு எழுதி அனுப்பிருங்க. அந்த மாத்திரை நெனப்பு எனக்கு இன்னும் போகல. இன்னொரு நாள் நான் வேற ஆளாப் பேசுவேன். அவளுக்குப் போன் போட்டு வலிக்குன்னு அழுவேன், செத்துருவேன்னுகூடச் சொல்லுவேன். அவ எளகுன மனசுக்காரி. அன்னைக்கு அவ என்ன நம்பிரக் கூடாது. நீங்களும் நம்பாதீய" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எலினா, இத்தனை வருடக் குடித்தனத்தில் யாரும் சொல்லாமலே நான் அவளைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், அவளுக்கும் அது தெரியும். அவளே வாய் திறந்து தன்னைச் சந்தேகப்படச் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்த ஒரு பேச்சில்தான் நான் எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தும் ஓட்டை காணவில்லை. அன்றைக்குச் சாவியை அரைஞாண் கயிற்றிலிருந்து அவிழ்த்து ஆணியில் மாட்டினேன். பூட்டை எடுத்துவிடவில்லை, எடுக்க வேண்டாம் என்று சொன்னதும் அவள்தான்.

ஆகவே மகளே, அம்மா கேட்டாலும் அனுப்பாதே, அழுதாலும் அனுப்பாதே. போனை வைத்துவிட்டு உடனே என்னைக் கூப்பிடு, நான் டாக்டரைக் கூப்பிடுகிறேன். ஆனால் பேசும்போதெல்லாம் மாத்திரையைப் பற்றியே கேட்டுத் துளைக்காதே, அந்த வேலைக்கு வீட்டில் நான் ஒருவன் போதும். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேள், மறுபடியும் பாடகர் குழுவுக்குப் போகிறாள், அதைக் கேள். முதுகுக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளைக் காலையில் பாயை விரித்துச் செய்கிறாள், வலி இருக்கத்தான் செய்கிறது, இருந்தும் செய்கிறாள். மருமகப்பிள்ளையிடம் இதை நீயே பக்குவமாகச் சொல், மறைக்க வேண்டாம். சின்னவனைக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. உனக்குத் தலைவலி என்றாலும் கண்ட மாத்திரையைப் போடாதே. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கையின் வேலைகளை ஆசீர்வதிப்பாராக. நான் கேட்ட கேள்விக்குப் பதிலைப் போனில் சொல்லாதே, உன் கையாலேயே எழுது, எவ்வளவு நாளானாலும் காத்திருக்கிறேன்.

உன்மேல் கோபமும் பாசமும் குறையாத அப்பா,
தா. ஏசுவடியான்.